தொலைந்தாலும் போச்சு, திருடுபோனாலும் போச்சு

ஸ்டெஃபன் தாமஸிடம் 7,002 பிட்காயின்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அவரால் செலவு செய்ய முடியாது. ஜெர்மனியில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய இந்த மென்பொருளாளர், 2011-இல் பிட்காயின் என்றால் என்ன என்று விளக்கும் ஒரு அனிமேஷன் வீடியோ செய்து கொடுத்தார். அதற்குக் கூலியாக வந்தவைதான் அந்த நாணயங்கள். அவற்றின் சாவியை அயர்ன்கீ என்ற பாதுகாப்பு பென் டிரைவில் போட்டுப் பூட்டினார். பாஸ்வேர்டை எழுதி வைத்த காகிதம் தொலைந்தது. பத்து முறை தப்பாகப் போட்டால், உள்ளே இருப்பதை அந்த டிரைவ் நிரந்தரமாக மூடிவிடும். 2021 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் இந்தக் கதையை வெளியிட்டபோது எட்டு வாய்ப்புகள் தீர்ந்திருந்தன.

வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரத்து ஜேம்ஸ் ஹவல்ஸின் கதை இன்னும் பிரபலம். 2009-இல் வீட்டுக் கணினியிலேயே ‘மைனிங்’ செய்து ஈட்டிய சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி ஒரு ஹார்டு டிஸ்கில் இருந்தது. 2013-இல் அது நகராட்சிக் குப்பைக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது. தோண்டித் தேட அனுமதி கேட்டு பத்தாண்டுக்கு மேல் போராடினார். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது.

இவர்கள் இருவரிடமும் யாரும் எதையும் திருடவில்லை. பூட்டு அளவுக்கு மேல் நன்றாக வேலை செய்தது ஒருவர் விஷயத்தில். இன்னொருவரிடம் சாவிக்கு மாற்றுப் பிரதி இல்லை. அப்படியானால் நாலைந்து பிரதி எடுத்து வீடெங்கும் வைத்துவிடலாமே என்று தோன்றும். பிரதி ஒவ்வொன்றும் திருடனுக்கு இன்னொரு வாசல். கிரிப்டோ நாணயத்தைக் காப்பதில் உள்ள சிக்கல் முழுக்க இதுதான்: தொலையாமல் இருக்கச் செய்கிற ஒவ்வொன்றும் திருட்டை எளிதாக்கும், திருட்டைத் தடுக்கச் செய்கிற ஒவ்வொன்றும் தொலைப்பதை எளிதாக்கும். செயினாலிசிஸ் நிறுவனத்தின் கணிப்புப்படி, 2021 தொடக்கம் வரை உருவாகியிருந்த 1.85 கோடி பிட்காயின்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, தொலைந்துபோன அல்லது யாருக்கும் எட்டாத வாலட்டுகளில் கிடக்கிறது.

வாலட் என்று சொல்கிறோமே தவிர, அதற்குள் பிட்காயின் எதுவும் கிடையாது. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு, உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அதுதான் பிளாக்செயின். வாலட்டில் இருப்பது 256 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண் மட்டும். அந்த எண்ணிலிருந்து நீள்வட்டவளைவுக் கணிதத்தின் மூலம் பொதுச்சாவியையும், அதிலிருந்து முகவரியையும் நொடியில் கணக்கிடலாம். முகவரியிலிருந்து திரும்பி நடந்து ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க இன்றுவரை நடைமுறை வழி இல்லை. கோயில் உண்டியல் மாதிரி: யார் வேண்டுமானாலும் காசு போடலாம், சாவி வைத்திருப்பவர்தான் எடுக்க முடியும். ஆனால் இந்த உண்டியலுக்கு அறங்காவலரும் இல்லை, பூட்டை உடைக்க ஆசாரியும் இல்லை. ஏடிஎம் ரகசிய எண் மறந்தால் ஆதாருடன் வங்கிக் கிளைக்குப் போகலாம். இங்கே போய் நிற்பதற்குக் கவுன்ட்டரே கிடையாது.

அந்த எண் எவ்வளவு பாதுகாப்பானது? ஒரு ரூபாய் நாணயத்தை 128 முறை சுண்டி, பூ விழுந்தால் 1, தலை விழுந்தால் 0 என்று வரிசையாக எழுதுங்கள். அதோடு சரிபார்ப்புக்காக 4 பிட் சேர்த்தால் 132 பிட். அதைப் பதினொன்று பதினொன்றாக வெட்டினால் 12 துண்டுகள். பதினொரு பிட்டில் 2,048 எண்களைக் குறிக்கலாம். ஆகவே 2,048 எளிய சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து துண்டுக்கு ஒரு சொல்லாக எடுத்தால், 12 ‘மீட்புச் சொற்கள்’ கிடைக்கும்; 256 பிட் சாவியை வாலட் அவற்றிலிருந்தே கணக்கிடுவதால் ஒருவருடைய மொத்தச் சொத்தும் அவற்றில் அடங்கிவிடும். 2013-இல் முன்மொழியப்பட்ட பி.ஐ.பி-39 என்ற இந்த முறையைத்தான் இன்று பெரும்பாலான வாலட்டுகள் கையாளுகின்றன. ஆங்கிலப் பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்து ஒத்துப்போகாது. மை அழிந்து பாதிச் சொல்தான் தெரிகிறது என்றாலும் மீட்டுவிடலாம். ஜப்பானியம், கொரியன், ஸ்பானிஷ், செக் மொழிகளுக்கெல்லாம் பட்டியல் உண்டு. தமிழுக்கு இல்லை.

128 முறை சுண்டியதில் வரக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை, 34 எழுதி அதன்பின் 37 பூஜ்ஜியம் போட்டால் வருவது. நொடிக்கு ஒரு லட்சம் கோடி ஊகங்களைச் சோதிக்கும் இயந்திரம் கிடைத்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப்போல 78 கோடி மடங்கு காலம் ஆகும். எனவே ஊகித்துத் திருடுவது நடக்காத காரியம், நாணயம் உண்மையாகவே சுண்டப்பட்டிருந்தால்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பலர் கவிழ்ந்தார்கள். மனப்பாடமாகத் தெரிந்த ஒரு வாக்கியத்தையே சாவியாக மாற்றிக்கொள்ளும் ‘மூளை வாலட்’ ஒரு காலத்தில் புழக்கத்தில் இருந்தது. எழுதியே வைக்க வேண்டாம், ஆகவே திருட முடியாது என்பது நம்பிக்கை. பாட்டு வரிகள், வேத வசனங்கள், பழமொழிகள் என்று அச்சில் வந்ததையெல்லாம் கணினிக்குக் கொடுத்துத் திருடர்கள் இரவு பகலாகத் துழாவினார்கள். 2015-இல் டெஃப்கான் மாநாட்டில் ரயன் காஸ்டலூச்சி இதற்கென்றே ஒரு மென்பொருளை எழுதிக் காட்டினார். மனிதருக்கு ‘தோன்றுகிற’ எதுவும் இன்னொரு மனிதருக்கும் தோன்றும்.

மனிதரை நம்ப வேண்டாம், கணினியே சுண்டட்டும் என்றால் அதிலும் ஓட்டை. லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்ற பழம்பெரும் கருவியில், சாவி உருவாக்கும் கட்டளை தற்செயல் எண்ணைக் கணினியின் கடிகாரத்திலிருந்து எடுத்தது. அதுவும் 32 பிட் மட்டும். வெளியே பார்த்தால் முழு நீளச் சொல்வரிசைதான். உள்ளே சாத்தியங்கள் வெறும் 430 கோடி. நல்ல விளையாட்டுக் கணினி ஒன்று ஒரு நாளுக்குள் அத்தனையையும் சோதித்துவிடும். 2023 ஜூலையில் ஒரே நாளில் 9 லட்சம் டாலருக்கு மேல் காணாமல் போன பிறகுதான் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். கடிகாரம் பூஜ்ஜியத்தில் இருக்கும்போது அந்தக் கருவி தருகிற முதல் இரண்டு சொற்கள் ‘மில்க்’, ‘சாட்’ என்பதால் இந்த ஓட்டைக்கு ‘மில்க் சாட்’ என்றே பெயர்.

வேடிக்கை என்னவென்றால், இதே வகை ஓட்டை ஒருவரைக் காப்பாற்றியும் இருக்கிறது. 2013-இல் ஐரோப்பாவில் ஒருவர் ரோபோஃபார்ம் என்ற மென்பொருள் தந்த 20 எழுத்துப் பாஸ்வேர்டால் 43.6 பிட்காயினைப் பூட்டினார். பாஸ்வேர்டு இருந்த கோப்பு கெட்டுப்போனது. பத்தாண்டு கழித்து ஜோ கிராண்ட் என்ற அமெரிக்க வன்பொருள் நிபுணரும் அவருடைய கூட்டாளியும் அந்தப் பழைய மென்பொருளைப் பிரித்துப் பார்த்தபோது, அதுவும் கணினியின் தேதி நேரத்தைப் பிடித்துத்தான் பாஸ்வேர்டு செய்திருக்கிறது என்று தெரிந்தது. நேரத்தைப் பின்னோக்கித் திருப்பி 2013 மே மாதத்துக்குக் கொண்டுபோனார்கள். பாஸ்வேர்டு கிடைத்துவிட்டது. பூட்டு சரியாக இருந்திருந்தால் அந்தப் பணம் தாமஸின் பணத்தோடு சேர்ந்திருக்கும்.

சாவி நல்லதாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 12 சொற்களை எங்கே வைப்பது?

போனில் போட்டோ எடுத்து வைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றுவது. அதைவிட மோசமான யோசனை இல்லை. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ‘ஸ்பார்க்கேட்’ என்ற தீநிரலைக் கண்டுபிடித்தது. அது போட்டோ கேலரியைத் துழாவி, படங்களில் உள்ள எழுத்தைப் படித்து, மீட்புச் சொற்கள் தென்பட்டால் அனுப்பிவிடும். அது ஒளிந்திருந்த ஆப்கள் கூகுள் பிளேயிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இருந்தவை. கிளவுடில் வைப்பதும் அப்படித்தான். 2016-இல், கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்க உதவும் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 1,19,756 பிட்காயின்களைக் கடத்திய இல்யா லிச்சென்ஸ்டைன், சாவிகளின் பட்டியலைப் பூட்டிய கோப்பாகத் தன் கிளவுட் கணக்கில் வைத்திருந்தார். அமெரிக்க அதிகாரிகள் 2022-இல் அதைத் திறந்து, அன்றைய மதிப்பில் 360 கோடி டாலருக்கான பிட்காயினைக் கைப்பற்றினார்கள். உலகின் ஆகப்பெரிய பிட்காயின் திருடர்களுள் ஒருவருக்கே சாவியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

காகிதத்தில் எழுதுவது தப்பில்லை. கரையான், தண்ணீர், நெருப்பு மூன்றுக்கும் அது இரை என்பதுதான் குறை. அதனால் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் எழுத்தைப் பொறித்து வைக்கிறார்கள். ஒரே தகடு என்றால் ஹவல்ஸின் நிலை வரலாம். இரண்டு தகடு, இரண்டு இடம் என்றால் இரண்டு இடத்தில் திருட்டுப் பயம்.

இங்கே சிலர் ஒரு குறுக்குவழி கண்டார்கள். 12 சொற்களை நான்கு நான்காகப் பிரித்து, மூன்று சீட்டில் எட்டெட்டுச் சொல் வருமாறு எழுதி, மூன்று இடத்தில் வைப்பது. எந்த இரண்டு சீட்டு கிடைத்தாலும் முழுதும் கிடைக்கும். ஒரு சீட்டு மட்டும் கிடைத்தவனுக்கு நான்கு சொல் குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் பல்லிளிக்கும். நான்கு சொல் என்றால் 44 பிட். சரிபார்ப்பு பிட் நான்கைக் கழித்தால் 40. சாத்தியங்கள் 1.1 லட்சம் கோடி. முன்னே பார்த்த 37 பூஜ்ஜிய மலைக்கு முன் இது தூசு. 2020 ஜூனில் 1 பிட்காயின் பரிசு வைத்து ஒருவர் மீட்புச் சொற்களை ஒவ்வொன்றாக வெளியிட்டு வந்தார். எட்டாவது சொல் வந்ததும் ஒரு மென்பொருளாளர் வாடகைக் கணினிகளை அமர்த்தி, மிச்ச நான்கையும் சுமார் 30 மணி நேரத்தில் கண்டுபிடித்துப் பரிசைத் தட்டிச் சென்றார்.

சரியான வழியை இஸ்ரேலியக் கணிதவியலர் ஆடி ஷமீர் 1979-லேயே காட்டிவிட்டார். அவருடைய கட்டுரை இரண்டே பக்கம். கருத்து பள்ளிக்கூட வடிவியல். ஒரு கிராஃப் தாளில் செங்குத்து அச்சின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். அதன் உயரம்தான் ரகசியம். அந்தப் புள்ளி வழியாக ஏதேனும் ஒரு சாய்வில் நேர்கோடு இழுத்து, கோட்டின் மேல் வேறு மூன்று புள்ளிகளைக் குறித்து, மூன்று பேரிடம் கொடுங்கள். இரண்டு புள்ளி சேர்ந்தால் கோட்டை இழுத்து ரகசியத்தைப் படித்துவிடலாம். ஒரே ஒரு புள்ளி வைத்திருப்பவர் வழியாக எண்ணற்ற கோடுகள் போகும். ஒவ்வொன்றும் அச்சை ஒவ்வோர் உயரத்தில் வெட்டும். ஆகவே அவருக்கு ரகசியத்தில் பாதி தெரியும் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒன்றுமே தெரியாது. மூன்று பேர் கூடினால்தான் திறக்க வேண்டும் என்றால் கோட்டுக்குப் பதில் பரவளையம் வரைந்தால் போதும். மேலே சொன்ன சீட்டு முறைக்கும் இதற்கும் உள்ள தூரம் அவ்வளவு. ஒரு பங்கு தொலைந்தால் நஷ்டமில்லை, ஒரு பங்கு திருடுபோனாலும் நஷ்டமில்லை: எதிரெதிராக இழுத்த இரண்டு ஆபத்தும் இந்த ஒரு கட்டுரையில்தான் சற்றே சமாதானமாகின்றன. ஷமீர் முறையில் மீட்புச் சொற்களைப் பங்கிட்டுத் தரும் வாலட்டுகள் இன்று கடையிலேயே கிடைக்கின்றன.

சொற்களைப் பத்திரமாக வைத்தாயிற்று; சாவியைப் பயன்படுத்தும்போது அதைக் காப்பது ஹார்டுவேர் வாலட், பென் டிரைவ் அளவிலான சின்னக் கருவி. பிராகா நகரத்து சதோஷிலேப்ஸ் நிறுவனம் 2014-இல் விற்கத் தொடங்கிய டிரெசர்தான் முதல் வரவு. சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே வரவே வராது. கணினி, ‘இன்னாருக்கு இவ்வளவு அனுப்பு’ என்ற விவரத்தை உள்ளே தரும்; கருவி கையெழுத்திட்டு வெளியே தரும். கணினியில் எத்தனை வைரஸ் இருந்தாலும் சாவியைத் தொட முடியாது.

அப்படியானால் திருடனுக்கு மிஞ்சிய வழி என்ன? கையெழுத்துப் போடுகிற மனிதரின் கண்ணை ஏமாற்றுவது. கிரிப்டோ உலகின் ஆகப்பெரிய கொள்ளைகளுள் ஒன்று அப்படித்தான் நடந்தது.

2025 பிப்ரவரி 21. துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட பைபிட் எக்ஸ்சேஞ்ச், இணையத்திலிருந்து விலக்கி வைத்திருந்த தன் கோல்டு வாலட்டிலிருந்து வழக்கமான ஒரு தொகையை மாற்றத் தொடங்கியது. பலர் கையெழுத்திட்டால்தான் திறக்கும் வாலட் அது. ஒவ்வொருவரிடமும் ஹார்டுவேர் வாலட். தலைமை அதிகாரி பென் சோவும் அவர்களில் ஒருவர். திரையில் தெரிந்த முகவரி சரி, தொகை சரி, இணையதளமும் சரி. கையெழுத்திட்டார்கள். சற்று நேரத்தில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட ஈதர் என்ற கிரிப்டோ நாணயம், அன்றைய மதிப்பில் சுமார் 150 கோடி டாலர், கைமாறியது.

பைபிட்டின் கணினிகளுக்குள் யாரும் நுழையவில்லை. அவர்கள் பயன்படுத்திய சேஃப் வாலட் என்ற சேவையின் மென்பொருளாளர் ஒருவருடைய கணினியைத்தான் கைப்பற்றியிருந்தார்கள். அதன் வழியே அந்தச் சேவையின் இணையப்பக்கத்தில் சில வரி நிரலைச் செருகினார்கள். உலகில் வேறு யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்த வரிகள் பேசாமல் கிடக்கும். பைபிட்டின் வாலட் வந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும். திரையில் ஒன்றைக் காட்டி, கையெழுத்துக்கு வேறொன்றை நீட்டும். நீட்டியது பணப் பரிமாற்றம்கூட இல்லை; வாலட்டை இயக்கும் ‘ஒப்பந்தம்’ என்ற நிரலையே மாற்றிக்கொள்ளும் ஆணை. வேலை முடிந்த இரண்டு நிமிடத்தில் பழைய நல்ல நிரலைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். கையிலிருந்த கருவியின் சிறு திரை மட்டும் உண்மையைக் காட்டியது, ஆனால் மனிதர் படித்துப் புரிந்துகொள்ள முடியாத எண்ணெழுத்துக் கோவையாக. ஐந்து நாள் கழித்து எஃப்.பி.ஐ., இது வட கொரியாவின் வேலை என்று அறிவித்தது.

இதில் வருத்தமான விஷயம், ஏழு மாதம் முன்பே இந்தியாவில் இதன் ஒத்திகை நடந்திருந்தது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் பறிபோனது. அதுவும் பலர் கையெழுத்து வாலட்தான்: நிறுவனத்தின் ஐவரில் மூவரும், வெளியே லிமினல் என்ற காப்பு நிறுவனமும் கையெழுத்திட வேண்டும். திரையில் தெரிந்ததும் கையெழுத்தானதும் வெவ்வேறு என்றுதான் வசீர்எக்ஸும் சொன்னது. 2025 ஜனவரியில் அமெரிக்காவும் ஜப்பானும் தென் கொரியாவும் கூட்டாக வட கொரியாவைக் கைகாட்டின.

தனிமனிதரை ஏமாற்ற இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. கிரிப்டோ முகவரி நீளமானது. எல்லோரும் முதல் நாலு எழுத்தையும் கடைசி நாலு எழுத்தையும் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். அந்த எழுத்துகள் மட்டும் ஒத்த ஒரு முகவரியைத் தயாரித்து, அதிலிருந்து உங்களுக்குச் சில்லறை அனுப்பினால் உங்கள் வரவு செலவுப் பட்டியலில் அது உட்கார்ந்துவிடும். அடுத்த முறை பழைய முகவரி என்று நினைத்து அதை நகலெடுப்பீர்கள். 2024 மே மாதம் ஒருவர் இப்படி ஏறத்தாழ 7 கோடி டாலரைத் திருடனுக்கே அனுப்பிவிட்டார். பிளாக்செயினைக் கண்காணிப்போர் தொடர்ந்து துரத்தவே, திருடன் திருப்பிக் கொடுத்தான். அது அபூர்வம்.

இந்தத் தலைவலியே வேண்டாம், எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவிடுவோம் என்று நினைப்பவர்கள் பலர். சிறு தொகைக்கு அதில் பெரிய தப்பில்லை. பாஸ்வேர்டு மறந்தால் மீட்டுத் தர அங்கே ஆள் உண்டு. எஸ்.எம்.எஸ். ஓடிபியை மட்டும் நம்பாமல் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்துக்கொள்ள வேண்டும்; போன் நிறுவன ஊழியரைக் கைக்குள் போட்டுக்கொண்டு மைக்கேல் டெர்பின் என்ற அமெரிக்க முதலீட்டாளரின் போன் எண்ணைத் தங்கள் சிம்முக்கு மாற்றியவர்கள், 2018-இல் சுமார் 2.4 கோடி டாலர் எடுத்துக்கொண்டார்கள். பெருந்தொகை என்றால் கதை வேறு. டோக்கியோவின் மவுன்ட் காக்ஸ் 2014 பிப்ரவரியில் திவாலானபோது காணாமல் போனவை 8,50,000 பிட்காயின். பழைய வாலட் ஒன்றில் 2 லட்சம் பிற்பாடு அகப்பட்டது. கனடாவின் குவாட்ரிகா சிஎக்ஸ் நிறுவனர் ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் 30 வயதில் இறந்தார். சாவிகள் அவருக்கு மட்டுமே தெரியும், அவரோடு போய்விட்டன என்றார்கள். தணிக்கையாளர்கள் கோல்டு வாலட்டுகளைத் தேடிப் பார்த்தால் அவை அவர் சாவதற்குப் பல மாதம் முன்பே காலி. 76,000 வாடிக்கையாளரின் பணத்தில் பெரும்பகுதியை அவர் உயிரோடு இருக்கும்போதே மோசடி வர்த்தகத்தில் தீர்த்திருந்தார் என்று 2020-இல் ஒன்டாரியோ பங்கு ஆணையம் அறிக்கை தந்தது.

சென்னையில் ஒரு சிறு வெளிச்சம். வசீர்எக்ஸில் 3,532 எக்ஸ்ஆர்பி நாணயம் வைத்திருந்த ஒருவர், களவுபோனது வேறு நாணயம், அந்த நஷ்டத்தை என் தலையில் ஏன் பங்கிடுகிறீர்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வந்தார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சொத்துதான், அதை ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று தீர்ப்பளித்து அவருக்குப் பாதுகாப்புத் தந்தார். எக்ஸ்சேஞ்சில் போட்டு வைத்தவருக்கு இது பயன்படும். சொந்தச் சாவியைத் தொலைத்தவருக்கு எந்த நீதிமன்றமும் உதவ முடியாது.

வாய் அடக்கமும் ஒரு பாதுகாப்பு. 2020-இல் ஹார்டுவேர் வாலட் விற்கும் லெட்ஜர் நிறுவனத்திடமிருந்து சுமார் 2,72,000 வாடிக்கையாளரின் பெயரும் வீட்டு முகவரியும் கசிந்தன. சிலருக்குப் போலிக் கருவிகளே தபாலில் வந்தன. 2025 ஜனவரியில் லெட்ஜரின் இணை நிறுவனர் டேவிட் பல்லாண்டைப் பிரான்சில் வீட்டிலிருந்து கடத்தி, பணயத்தொகை கேட்டு அவருடைய விரலை வெட்டினார்கள். போலீஸ் மீட்டது. எவ்வளவு வைத்திருக்கிறோம் என்று டீக்கடையில் சொல்லாமல் இருப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அதே சமயம் மனைவிக்கோ மகளுக்கோ, இப்படி ஒன்று இருக்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். சொற்களைச் சொல்ல வேண்டாம். தகடு இருக்கும் இடத்தைச் சொன்னால் போதும்.

இந்தியாவில் திருடுபோனால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் தரலாம். பணம் ஓர் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்திருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் யாரும் சொல்லித் தராத ஒரு பயிற்சியை முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது. புதிய வாலட்டில் முதலில் நூறு ரூபாய் அளவுக்கு மட்டும் போடுங்கள். பிறகு வாலட்டை முழுக்க அழித்துவிட்டு, எழுதி வைத்த சொற்களைக் கொண்டு மீட்டுப் பாருங்கள். வந்தால் மிச்சத்தைப் போடுங்கள். வராவிட்டால் போனது நூறு ரூபாய்.